அதே கதவுக்கு அதே ரப்பர்

என் அண்ணனிடம் ஒரு கார் இருந்தது. கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்பு வண்டி. பல கை மாறி, கடைசியில் எங்கள் தலையில் வந்து விழுந்தது. திருவள்ளூர் ரயிலடியில் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினான். அமாவாசைக்குக் கோயிலுக்கு வருகிற கூட்டம், கல்யாண மாப்பிள்ளை, மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, இப்படி யார் கூப்பிட்டாலும் போவான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் அவனும்தான். அவன் காரை மிதித்தான், நான் தையல் மெஷினை மிதித்தேன். சோற்றுக்குக் குறைவில்லை.

அந்த வண்டிக்கு எல்லாக் குறையும் உண்டு. பெரிய குறை கதவு. காரின் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் ஓடும். பீடிங் என்பார்கள். கதவைச் சாத்தும்போது அது நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். தண்ணீரும் புழுதியும் உள்ளே வராது. எங்கள் வண்டியில் அது பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சில இடத்தில் தட்டையாகப் போய், சில இடத்தில் பிய்ந்து தொங்கி, இடது பக்கப் பின்கதவில் எலி தின்றது போக மிச்சம் மட்டும். புழுதிக் காலத்தில் உள்ளே உட்கார்ந்து வந்தவர்கள் இறங்கும்போது தலை நரைத்திருக்கும். மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒன்று மட்டும் உண்டு. அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் ஊரில் நடக்கிற அத்தனையும் காதில் விழும். யார் வீட்டில் சண்டை, எந்த பஸ் கண்டக்டர் யாரைத் திட்டுகிறான், எல்லாம். ரோட்டோரத்தில் நிற்கிற கிழவி ‘எப்பா’ என்று முனகினால்கூட அண்ணன் பிரேக் போட்டு ஏற்றிக்கொள்வான். இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அண்ணி கும்மிடிப்பூண்டிப் பக்கம். அவளுடைய அப்பா நிலம் வைத்திருந்தவர். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை விட அவளுக்குத்தான் வாய் அதிகம். “உங்கண்ணன் கார்ல ஏறணும்னா ஊட்லேர்ந்து கொட எத்துகினு போவணும்” என்பாள். அவன் முறைப்பான். நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் போய்ச் சிரிப்போம். சிரிக்கிற பெண்ணாக ஒருத்தி வீட்டுக்கு வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் அவனுக்குக்கூட இருந்திருக்காது என்று சில சமயம் நினைப்பேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் தாயையும் குழந்தையையும் அழைத்து வர நாங்கள் வண்டியில் போனோம். போகும்போது வெயில்தான். திரும்பும்போது பெரியபாளையம் தாண்டியதும் பிடித்ததே ஒரு மழை! பின்கதவின் மேல் இடுக்கிலிருந்து தண்ணீர் கயிறு போல இறங்கி அண்ணியின் தோளில் விழுந்து குழந்தையின் தலைக்கு வந்தது. என் முந்தானையைச் சுருட்டி இடுக்கில் திணித்தேன். அதுவும் ஊறி ஒழுகியது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டுவதா, வேகமாக ஓட்டுவதா என்று தெரியாமல் முன்னால் இருந்து ‘இருங்க, இருங்க’ என்று சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் குளத்தில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

குழந்தைக்குச் சளி பிடித்தது. நெஞ்சில் கர்கர் என்று சத்தம். கேள்விப்பட்டு அண்ணியின் அப்பா வந்தார். அதட்டிப் பேசுகிற மனிதர் இல்லை; குரலே தணிந்துதான் வரும். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார். ரப்பரை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. கொயந்த ஒடம்பு தேறட்டும். நீங்க வண்டிய நனையாத மாதிரி சரி பண்ணிகினு வாங்க. என் பொண்ண நானே ஏத்தி அனுப்பறன்” என்றார்.

மரியாதையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பெண்ணையும் பேத்தியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவர் போனபோது, ஸ்டாண்டில் காரோடு நின்றவன் என் அண்ணன். அங்கே இருந்த டிரைவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் போய் அழைத்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “காரு வெச்சிகினு பஸ்ல போயி பொண்டாட்டிய கூட்டியாந்தான்னு ஊரே சிரிக்கும். அவரு வண்டியத்தான சொன்னாரு? வண்டிலதான் போவேன்” என்றான். சொன்னால் கேட்கிற ரகம் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே அந்த ரகம் இல்லை.

மதராஸுக்குப் போய், பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைந்தான். கடைக்காரர்கள் அவன் கையில் இருந்த ரப்பர்த் துண்டைப் பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கா? இந்த வண்டி வர்றதே நின்னு பூட்ச்சி. ரப்பருக்கு எங்க போவறது?” என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேறு வண்டியின் ரப்பரை வாங்கிப் போடலாம் என்றால் அது இந்தக் கதவின் காடிப் பள்ளத்தில் உட்காராது. கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். இருக்கிற பழைய ரப்பரையே கழற்றி, சரி செய்து, மறுபடி போடுவது.

நான் பொறுமை இல்லாதவள். அவனும் அப்படித்தான். சோறு குழைந்துவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவன். ஆனால் அந்த ரப்பரைக் கழற்றுகிறபோது அவனைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் கிட்டே விடவில்லை. கதவின் கீழ்ப்பக்கம் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஆரம்பித்து, கட்டை விரலால் மெல்ல நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக உருவினான். பழைய பசை பிடித்துக்கொண்ட இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுக் காத்திருந்தான். “வெடுக்குனு புட்ச்சி இஸ்தா அறுந்துடும். அதுவா வரணும்” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தான்.

கழற்றியதை அப்படியே குவித்து வைக்கப் போனான். நான் விடவில்லை. தையல்காரிக்கு அது தெரியும். வலது கையையும் இடது கையையும் கலந்துவிட்டால் ரவிக்கை என்ன ஆகும்? என் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, ஒவ்வொரு கதவின் ரப்பருக்கும் ஒரு நிறம் கட்டினேன். மேல் மூலை வருகிற இடத்தில் ஒரு முடிச்சு. பழைய ரப்பர் இத்தனை வருடமாகத் தன் கதவுக்கு நசுங்கியே பழகியிருக்கிறது. கதவு எங்கே முட்டுமோ அங்கே தட்டை, எங்கே விலகுமோ அங்கே புடைப்பு. அதே கதவுக்கு அதே ரப்பர் போனால்தான் பொருந்தும். “உன்ன ஒரு மெக்கானிக் ஷெட்ல சேத்து வுட்டிருக்கணும்” என்று அண்ணன் சிரித்தான். அண்ணி போன பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

மூன்று கதவுக்கு இப்படி. எலி தின்ற இடது பின்கதவுக்கு என்ன செய்வது? சோழவரத்தில் கார் ரேஸ் நடக்கும் திடலுக்குப் போகிற வழியில் ஒரு ஷெட். அதன் பின்னால் எங்கள் வண்டியைப் போலவே ஒன்று செத்துக் கிடந்தது. ரேஸ் பார்க்க வந்த எந்த மகராசன் விட்டுப் போனதோ, என்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, ஜன்னல் வழியாகக் கோவைக்கொடி ஏறியிருந்தது. ஷெட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு அதே இடது பின்கதவின் ரப்பரை உருவிக்கொண்டு வந்தான். எங்களுடையதை விட நல்ல நிலையில் இருந்தது. யாரும் கதவைத் திறந்து மூடவில்லை அல்லவா, தடிமன் குறையாமல் இருந்தது.

நான்கையும் சவுக்காரத் தண்ணீரில் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோம். வெயிலில் போடக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே துணிக்கொடியில் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா இது, பாம்பு தோலா?” என்று கேட்டாள். தட்டையாகப் போன இடங்களுக்குப் பின்னால் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி ஒட்டினான். ரப்பர் மறுபடி எழும்பி நின்றது. பிய்ந்த மூலைகளைச் செருப்பு தைக்கிற ஊசியால் நான் தைத்தேன். கடைசியில், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே பவுடர் போட வேண்டுமாம். என் முகப் பவுடர் டப்பா அதற்கே போயிற்று. அண்ணி வருகிறாள் என்றால் டப்பா என்ன, நான் மெஷினையே கொடுத்திருப்பேன்.

திரும்பப் போடுவதுதான் பெரிய பேஜாரு. இழுத்துப் போட்டால் அன்றைக்கு அழகாக இருக்கும், பிறகு சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். அதனால் இழுக்காமல், இடம் கொடுத்து, உள்ளே தள்ளித் தள்ளிப் போட்டான். போட்டு முடித்தால் கதவு மூடவில்லை. சோழவரத்து ரப்பர் போட்ட பின்கதவு பிடிவாதமாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நாள் கணக்கில் அப்படியே விட்டான். பிறகு காலண்டர் தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பார்ப்பான். தாள் முழுசாக வந்தால் அங்கே சந்து இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாள் கிழிந்தது. கிழிந்த துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து ஓடி வந்தான்.

அடுத்தது தண்ணீர்ப் பரீட்சை. என்னை உள்ளே உட்கார வைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குடம் குடமாகக் கதவின் மேல் ஊற்றினான். ஒரு சொட்டு வரவில்லை. நான் சாமியை வேண்டிக்கொண்டு இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

கதவைத் திறந்து, “தண்ணி வருதா தண்ணி வருதான்னு எத்தினி வாட்டி கேக்கறன்! காது இன்னா அவிஞ்சா பூட்ச்சி?” என்றான்.

“நீ கேட்டதே காதுல வுழலண்ணா” என்றேன்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. தானே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து ஏதாவது சொல்லச் சொல்லிச் சைகை காட்டினான். நான் விடுவேனா? சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த எருமை, கழுதை, சோம்பேறி எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் ஒன்றும் தெரியாமல் உள்ளே இருந்து இளித்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, “இன்னா சொன்ன?” என்று கேட்டபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அன்றைக்கு அப்படிச் சிரித்தோம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, அண்ணியை அழைத்துவரக் கிளம்பினோம். வருகிறோம் என்று முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தோம். பெண்ணை அழைக்கப் போனால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை பூ, பழம், மஞ்சள் குங்குமத்தோடு போக வேண்டும். அதனால் நானும் போனேன். காலையிலிருந்தே மழை. நான் தயங்கினேன். அவனுக்கோ மழையில் கொள்ளை சந்தோஷம். “பேயட்டும்மே. அப்பதான அவருக்கும் தெரியும்” என்றான். போகிற வழியெல்லாம் இடுக்கு இடுக்காக விரலால் தடவிப் பார்த்து, “பாரு, காஞ்சி கீது” என்று சொல்லிக்கொண்டே வந்தான். பெரியபாளையம் தாண்டி, போன முறை நனைந்த அதே இடம் வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தான். என் மடியில் இருந்த தட்டில் ஒரு துளிகூட இல்லை. காற்று வர வழியில்லாததால் கண்ணாடிகள்தான் உள்பக்கம் வேர்த்துப் போயின. முன் கண்ணாடியை அவன் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

அண்ணி வீட்டுக்கு எதிரே தெருவில் நிறுத்தினான். வீடு எங்களுக்கு இடது பக்கம். ஒரு தடவை ஹாரன் அடித்தான். மழையில் ஒரு முறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் என்ஜினை நிறுத்தவில்லை. கூரையில் மழை கொட்டுகிற சத்தம், என்ஜின் சத்தம், அவ்வளவுதான்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

“இரு. கூப்டட்டும்” என்றான்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். மனஸ்தாபத்தில் பெண் தாய்வீடு போயிருந்தால், மாப்பிள்ளை வாசலுக்கு வந்து நிற்பான். உள்ளே இருந்து ‘வாங்க மாப்ளே’ என்று ஒரு குரல் வந்தால்தான் படியேறுவான். அந்த ஒரு குரலில் எல்லாக் கோபமும் தீர்ந்தது என்று அர்த்தம். குரல் வராமல் படியேறுகிறவனைச் சொந்தக்காரர்கள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அண்ணன் கேட்டது அதிகம் இல்லை. சொன்னபடி வண்டியைச் சரி செய்துகொண்டு வந்திருக்கிறான். ஒரு வார்த்தை கூப்பிடட்டும் என்று பார்த்தான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காத்திருந்தோம். இடது பக்கக் கண்ணாடி பாலாடை போர்த்தியது போல வெளுத்திருந்தது. யாராவது வெளியே வந்தால் குரல் கேட்காமலா போய்விடும் என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவது நின்றது.

“வண்டி வந்து நிக்கறது தெரியாமயா இருக்கும்? ஹாரன் அடிச்சனே” என்றான்.

“கொஞ்சம் பொறுண்ணா” என்றேன்.

பொறுத்தான். பிறகு ரிவர்ஸ் கியர் போட்டான்.

திரும்பி வருகிற வழியிலும் மழை விடவில்லை. வண்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்ணிக்கு என்று நான் கட்டி எடுத்துப் போன மல்லிகையின் வாசனை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையை வலித்தது.

அதன் பிறகு நடந்தது ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அவர்கள் ஆளனுப்பட்டும் என்று இவன் இருந்தான். ஒரு பெரியப்பா நடுவில் போய்ப் பேசிவிட்டு வந்து, “அவங்களும் உன்னத்தான் தப்பு சொல்றாங்கடா, வாசலுக்கு வந்து நீ அசிங்கப்படுத்திட்டு பூட்டியாம்...” என்று ஆரம்பித்தார். “வாசல்ல நின்னு அசிங்கப்பட்டவன் நானு!” என்று இவன் எழுந்து போய்விட்டான். மீதியை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எவ்வளவு நல்ல வாடகை வந்தாலும் வேண்டாம் என்றான். ஆனால் அந்த ரப்பரை மட்டும் விடவில்லை. வாரம் தவறாமல் ஈரத்துணியால் துடைத்து, பவுடர் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி எடுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டான். மற்ற டிரைவர்கள் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இன்னா டைட்டு!” என்பார்கள். அவன் முகம் அப்போது மட்டும் கொஞ்சம் தெளியும். எனக்கோ அந்தக் கதவைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

வருடங்கள் போயின. கும்மிடிப்பூண்டியில் வயல் இருந்த இடங்களில் ஒன்றொன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. அதில் ஒரு தொழிற்சாலைக்குப் அங்கே வேலை செய்கிற பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் காக்கிக் கோட்டு தைக்கிற ஆர்டர் எனக்குக் கிடைத்தது. அளவெடுக்க வரச் சொன்னார்கள். அண்ணனிடம் கேட்கக்கூட இல்லை, பஸ்ஸில்தான் போனேன். கேன்டீனுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். தோள், கை, உயரம் என்று முகம்கூடப் பார்க்காமல் டேப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தோளில் டேப்பை வைத்தபோது, “நல்லா கீறியா?” என்று குரல் கேட்டது.

அண்ணி. பாதியாக இளைத்திருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். “நல்லாதான் கீறோம். வாசல் வரைக்கும் வந்தவங்கள வான்னு ஒரு வார்த்த கூப்டாதவங்க நீங்க எப்டி கீறீங்க?” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “கூப்டலியா? இன்னா பேசற நீ? நைனா வாசப்படில நின்னு கூப்டாரே! ‘வாங்க மாப்ளே, உள்ள வாங்க’ன்னு. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு மூணு வாட்டி.”

டேப்பை அவள் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

“பொட்டி கட்டி வெச்சிருந்தேன். கொயந்தைக்கு குல்லா போட்டு இடுப்புல வெச்சிகினு நைனா பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். வண்டி நகர்றத பாத்து நானும் ‘இன்னாங்க, இன்னாங்க’ன்னு கத்தினேன். அவரு திரும்பியே பாக்கல. பேர சொல்லி கத்தியிருந்தா கேட்டிருக்குமோ இன்னாவோ. கட்டினவரு பேர தெருவுல நின்னு எப்டிம்மா சொல்றது?”

“கேக்கல அண்ணி. எங்க ரெண்டு பேருக்குமே கேக்கல” என்றேன். அந்தக் கதவைப் பற்றி, ரப்பரைப் பற்றி, வேர்த்துப்போன கண்ணாடியைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் என்னமோ ஏதோவென்று பார்த்தார்கள்.

“நீ ஒரு வாட்டி வந்திருக்கலாமே அண்ணி” என்றேன்.

“கூப்ட்டும் திரும்பி பாக்காதவரு ஊட்டுக்கு நான் எப்டி வருவேன்?” என்றாள்.

அவளுடைய அப்பா அந்த வருடம் தை மாதம்தான் இறந்திருந்தார். சாகும்வரை, ‘என் வீட்டு வாசலில் வைத்து என் வார்த்தையை மதிக்காமல் போனான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரிடம் போய் இனி யார் சொல்வது? குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளாம். அப்பா எங்கே என்று யாராவது அவளைக் கேட்டால், வண்டி ஓட்டுகிறார் என்று சொல்வாளாம். பின்னாளில் அந்தப் பெண் தன் அப்பாவோடு கூச்சமில்லாமல் பேசப் பழகுவதற்குள் அவளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. போன வருடங்கள் போனதுதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் வாசலில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சோழவரத்து ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பவுடர் டப்பா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டி கட்டி வைத்திருந்ததை, குல்லாவை, ‘இன்னாங்க’ என்று கத்தியதை, ஒன்று விடாமல். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகும் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

“பொய் சொல்றா” என்றான்.

“அவ பொய் சொல்லலண்ணா.”

மழை வலுத்தது. அவன் துணியைக் கீழே போட்டான். நான்கு கதவையும் சாத்தினான். முன்னால் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, என்ஜினைக் கிளப்பினான். எங்கள் வீட்டு வாசற்படியைக் கையால் காட்டினான். எனக்குப் புரிந்தது. போய்ப் படியில் நின்றேன்.

“வாங்க மாப்ளே, உள்ள வாங்க” என்றேன்.

அவன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுபடி கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அண்ணி கத்தியது போல “இன்னாங்க, இன்னாங்க” என்று கத்தினேன். கடைசியில், பிறந்ததிலிருந்து நான் வாயால் சொல்லாத என் அண்ணனின் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்து, அவன் முகம் மங்கிக்கொண்டே போனது.

பிறகு கண்ணாடி பாதி இறங்கியது. அவன் பொறுமை இழந்து தலையை நீட்டினான்.

“இன்னாம்மே, மழைல நனைஞ்சிகினு சொம்மா நிக்கற? கூப்டு” என்றான்.